பீர்ப் பிரபுவின் மலையும் ஊராரின் மதுச்சாலையும்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரையில் நொய்டார்ட் என்றொரு மலைப் பிரதேசம் இருக்கிறது. அதில் இன்வரி என்னும் சிற்றூர். பிரிட்டனின் சாலை எதுவும் அந்த ஊருக்கு வந்து சேரவில்லை. மாலேக் துறைமுகத்திலிருந்து படகேற வேண்டும். இல்லையேல் 15 மைலுக்கு மேல் மலைப் பாதையில் நடக்க வேண்டும். பிரதேசம் முழுவதிலும் ஜனத்தொகை நூறைச் சற்றுத் தாண்டும். அங்கே கடலோரத்தில் ‘ஓல்டு ஃபோர்ஜ்’ என்றொரு மதுச்சாலை. பழைய கொல்லுப்பட்டறை என்று அர்த்தம். அக்கடலில் பிடித்த இறாலும் சிப்பியும் சமைக்கிறார்கள். ‘ஏல்’ என்னும் பார்லி பீர் ஊற்றுகிறார்கள்.

ஒரு மதுச்சாலையைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று தோழர்கள் கேட்கலாம். சம்பள நாளன்று கூலிப் பணம் குடியில் கரைவதையும், அடுப்பு எரியாத வீடுகளையும் நாம் அறிவோம். குடியைப் புகழ இதை எழுதவில்லை. நமது கேள்வி வேறு: உழைத்துக் களைத்தவன் மாலையில் உட்கார்ந்து நாலு பேரோடு பேசும் இடம் யாருக்குச் சொந்தம்?

பிரிட்டனில் இப்படிப்பட்ட இடம்தான் ‘பப்’. உழைப்பாளி மக்களின் சங்கங்கள் பல அங்கேதான் பிறந்தன. தாமஸ் ஹார்டி என்ற செருப்புத் தொழிலாளி, எல்லோருக்கும் ஓட்டுரிமை கேட்டு 1792ல் லண்டனில் ஒரு சங்கம் துவக்கினார். அவரும் தோழர்களும் கூடிய இடம் ஒரு மதுச்சாலையே.

ஆனால் பேசியவன் உழைப்பாளி, கட்டடமோ முதலாளியுடையது. பீர் காய்ச்சும் கம்பெனிகளே ஆயிரக்கணக்கான மதுச்சாலைகளை வாங்கிப் போட்டன. குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவன் அந்தக் கம்பெனியின் பீரையே, அது சொன்ன விலைக்கு வாங்க வேண்டும். வாடகையும் அவனே கொடுக்க வேண்டும். ஒரே ஆளை இரு கையாலும் கறக்கும் வித்தை இது! இந்த ஏகபோகத்தை அடக்கப் போவதாக 1989ல் சர்க்கார் உத்தரவு போட்டது. 2,000க்கு மேல் மதுச்சாலை வைத்திருந்த கம்பெனிகள், மிகுதியில் பாதியைக் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டுமாம். நடந்தது என்ன? பீர்க் கம்பெனிகள் விற்றன. மதுச்சாலைக் கம்பெனிகள் வாங்கின. எஜமான் மாறினான், கட்டு மாறவில்லை.

அந்தப் பீர்ப் பணம் எங்கே போயிற்று? நொய்டார்டைப் பாருங்கள்.

அந்த மண்ணில் 1853ல் நிலப்பிரபுக் குடும்பம் ஆடு மேய்ப்பதற்காக மனிதர்களை விரட்டியது. 300க்கு மேற்பட்டவர்களைக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பியது. போக மறுத்தவர்களின் குடிசைகளை இடித்துத் தள்ளியது. 1930களில் அந்த எஸ்டேட்டை வாங்கியவர் பிராக்கெட் பிரபு. லிவர்பூலில் பீர் காய்ச்சிக் கொழுத்த குடும்பத்தின் வாரிசு அவர். தொழிலாளி குடித்த ஒவ்வொரு கோப்பையிலும் சேர்ந்த காசு, இன்னொரு உழைப்பாளியின் மலையை வாங்கியது! 1939ல் ஹிட்லரின் 50வது பிறந்தநாளுக்கு விருந்தாளியாகப் போனவரும் இதே பிரபுதான்.

1948 நவம்பரில் 7 பேர் அந்த நிலத்தில் புகுந்து எல்லைக் கம்பு நட்டார்கள். ஹிட்லரை எதிர்த்த யுத்தத்திலிருந்து திரும்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். போர்வீரர்களுக்கு நிலம் தர 1919ல் போட்ட சட்டத்தை நம்பினார்கள். பிரபு கோர்ட்டுக்குப் போனார்; தடையுத்தரவு வந்தது. லேபர் சர்க்கார் நடத்திய விசாரணையும் அந்த 7 பேருக்குச் சாதகமாக முடியவில்லை. அவர்கள் தோற்றார்கள்.

ஆனால் ஊர் மறக்கவில்லை. இன்வரியில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். 1999ல் 17,000 ஏக்கருக்கு மேற்பட்ட அந்த எஸ்டேட், ஊரார் பங்குபெறும் அறக்கட்டளையின் கைக்கு வந்தது. நிலம் வந்தது, மதுச்சாலை மட்டும் தனியார் கையிலேயே இருந்தது. குளிர்காலத்தில் கதவை அடைத்தால் ஊரார் எங்கே கூடுவது? 2021ல் அது விற்பனைக்கு வந்தபோது ஊரார் சங்கம் அமைத்துப் பங்கு திரட்டினார்கள். பொது நிதியும் உதவியது. 2022ல் ஓல்டு ஃபோர்ஜ் ஊரின் சொத்தாயிற்று. இத்தகைய சங்கத்தில் அதிகப் பங்கு வாங்கியவனுக்கு அதிக ஓட்டு இல்லை; ஆளுக்கு ஒரு ஓட்டுத்தான்.

இதைச் சோஷலிசம் என்று நாம் தம்பட்டம் அடிக்கவில்லை. தாத்தாவிடமிருந்து பறித்த மண்ணைப் பேரன் விலை கொடுத்து வாங்குவது என்ன நியாயம்? சுற்றிலும் சந்தையின் சட்டம்தான் நடக்கிறது. பீர் விலையும் படகுக் கட்டணமும் ஊரார் கையில் இல்லை. ஒரு மதுச்சாலையை மீட்டதால் பிரபுக்கள் ஒழிந்துவிடவில்லை.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். 7 பேர் நட்ட கம்பைக் கோர்ட்டு பிடுங்கிற்று. அவர்கள் எழுப்பிய கேள்வியைப் பிடுங்க முடியவில்லை. பிள்ளைகள் அதைக் கையில் எடுத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து நிலம் வந்தது. அதன்பின் கூடிப் பேச ஒரு கூரையும் வந்தது.

தோற்ற போராட்டம் வீண் என்று யாராவது மில் வாசலிலோ வயல் வரப்பிலோ சொன்னால், நொய்டார்டின் கதையை அவருக்குச் சொல்லுங்கள்.