பள்ளிப் பட்டறைக்கு முதலில் எது?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

பள்ளிக்கூடத்தில் பட்டறை அமைக்கப் போகிறோம் என்றால் எல்லோர் வாயிலும் முதலில் வரும் சொல் ‘லேத்து’. நான் படித்த பள்ளிக்கும் லேத்துதான் முதலில் வந்தது. அதற்கு வேண்டியது மும்முனை மின்சாரம். கட்டடத்தில் இருந்ததோ ஒருமுனை இணைப்பு. இரண்டாண்டுகள் அது சாக்குக்குள் உறங்கியது. நாங்கள் அதன் படத்தை வரைந்து, பாகங்களைக் குறித்துத் தேர்வு எழுதினோம். மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை!

எங்கள் ஆனைக்குட்டம் பக்கத்தில் வேலை என்றால் பட்டாசும் தீப்பெட்டியும்தான். என் தந்தை இருபது ஆண்டுகளாக மருந்து செலுத்துகிறார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பத்தாவதோடு நிற்கும் பையனுக்கும் மருந்து அறையைத் தவிர வேறொரு வாசல் வேண்டாமா? சிவகாசி அச்சகத்தில் ஒரு பல்சக்கரம் தேய்ந்தால் லேத்துப் பட்டறைக்குத்தானே ஓடுகிறார்கள்!

தமிழகத்தில் 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்பிரிவும் கூட வந்தது. அதற்கு முன்பே, 1926-இல் தோன்றிய கோவை பி.எஸ்.ஜி. அறநிலையத்தின் தொழிற்கூடத்தில் எந்திரம் செய்வதும் தொழில் கற்பதும் ஒன்றாகவே நடந்தன.

முப்பது பேருக்கு ஒரு லேத்து என்றால் ஒருவன் கடைவான். இருபத்தொன்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஆகவே முதல் பணம் வைஸ், அரம், ரம்பம், மூலைமட்டம் ஆகியவற்றுக்கே போகட்டும். இருவருக்கு ஒரு வைஸ். ஓர் இரும்புத் துண்டை நாற்புறமும் சதுரமாக அராவிப் பழகாத கை லேத்திலும் தடுமாறும். அடுத்து 13 மி.மீ. வரை துளையிடும் எந்திரம், பிறகு சாணை. சாணைக்குக் கண்ணாடி மறைப்பு அவசியம். அப்பாவின் பழைய வேலைச் சட்டையோடு வருபவனை அதன் பக்கமே விடக்கூடாது. மருந்து படிந்த துணிக்குத் தீப்பொறி ஒன்று போதும்.

அதன்பின் லேத்து. சிறியதாக, ஒருமுனையில் ஓடும் 1 குதிரைத்திறன் மோட்டாருடன் இருக்கட்டும். பழையதானாலும் குற்றமில்லை. ஆனால் வாங்கும்முன் சக் அருகே சேடிலை இறுக்கி, மறுகோடிவரை நகர்த்திப் பாருங்கள். அங்கே போய்ச் சிக்கினால் சக் பக்கம் படுகை தேய்ந்துவிட்டது என்று பொருள். 25 மி.மீ. மெல்லிரும்பை நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் கடைய ஏறத்தாழ 380 சுற்று வேண்டும். இந்தக் கணக்கைப் போடும் பையனுக்கு ‘பை’ எதற்கு என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

சென்ற விடுமுறையில் அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். மும்முனை இணைப்பு வந்துவிட்டது. சக் சாவியைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள்.