இரண்டாமிடம் தோல்வியா?

முதலிடம் பெற்றவரையே உலகம் போற்றுகிறது. இது சரிதானா என்று கேட்கிறோம். ஜமைக்கா நாட்டு ஓட்ட வீராங்கனை மெர்லீன் ஒட்டி, அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே புகழ் பெற்றவர். 1980 முதல் 2004 வரை 7 ஒலிம்பிக் போட்டிகளில் ஓடி, 9 பதக்கங்கள் வென்றார். அவற்றுள் ஒன்றுகூடத் தங்கமில்லை! 1996-இல் அட்லாண்டாவில் நடந்த 100 மீட்டர் ஓட்டத்தில் அவரும் அமெரிக்காவின் கெயில் டெவர்ஸும் 10.94 விநாடியிலேயே ஓடி முடித்தனர். புகைப்படத்தைப் பார்த்தே டெவர்ஸுக்குத் தங்கம் வழங்கினர். அப்போது ஒட்டிக்கு வயது 36. அவர் மனமுடைந்து ஒதுங்கிவிடவில்லை. 2000-இல், 40 வயதில், சிட்னியிலும் ஓடிப் பதக்கம் பெற்றார்.

இரண்டாமிடம் தோல்வியன்று, முயற்சியைக் கைவிடுவதே தோல்வி என்பது எங்கள் கருத்து. மதிப்பெண் பட்டியல் வரும் நாளில் பெற்றோரும் நாங்களும் இதை நினைவில் கொள்வோமாக!