பட்டம் போனது, பெயர் நின்றது!

கார் பந்தயம் உயிரைப் பணயம் வைக்கும் விளையாட்டு. கண் இமைக்கும் நேரம் தவறினாலும் ஆபத்துதான். அந்தப் பந்தயத்தில் ஒருவர், தம் போட்டியாளருக்காகச் சாட்சி சொன்னார். அதனால் உலகப் பட்டத்தையே இழந்தார்!

அவர் ஸ்டர்லிங் மோஸ். இங்கிலாந்துக்காரர்.

1958-ம் ஆண்டு போர்ச்சுகல் நாட்டில் போர்ட்டோ நகரில் பந்தயம் நடந்தது. மோஸ் முதலாவதாக வந்தார். மற்றொரு இங்கிலாந்துக்காரரான மைக் ஹாத்தோர்ன் இரண்டாவதாக வந்தார். கடைசிக் கட்டத்தில் ஹாத்தோர்னின் கார் சுழன்று நின்றுவிட்டது. அதை மீண்டும் கிளப்பும்போது, எதிர்த்திசையில் ஓட்டினார் என்று புகார் எழுந்தது. இரண்டாவது இடம் பறிபோகும் நிலை.

மோஸ் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். லாபம் அவருக்குத்தான். ஆனால் அவர் முன்வந்தார். ஹாத்தோர்னின் கார் பந்தயப் பாதையில் அல்ல, ஓரத்து நடைபாதையில்தான் போனது என்று எடுத்துச் சொன்னார். ஹாத்தோர்ன் தப்பினார்.

ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தார்கள். ஹாத்தோர்ன் 42 புள்ளி. மோஸ் 41 புள்ளி! அந்த ஆண்டு மோஸ் 4 பந்தயங்களில் ஜெயித்தவர், ஹாத்தோர்ன் ஒன்றில்தான். ஆனாலும் பட்டம் ஹாத்தோர்னுக்கே. மோசுக்குக் கடைசிவரை உலகப் பட்டம் கிடைக்கவே இல்லை.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு.

1990-ம் ஆண்டு ஜப்பானில் சுசூகா பந்தயம். இருவருமே பாதியில் விலகினால் பட்டம் செனாவுக்கு என்ற நிலை. முதல் வளைவிலேயே அலன் புரோஸ்டின் கார்மீது அயர்ட்டன் செனாவின் கார் மோதியது. பட்டம் செனாவுக்குக் கிடைத்தது. வேண்டுமென்றே செய்ததுதான் என்று மறு ஆண்டு அவரே ஒப்புக்கொண்டார். முந்தின ஆண்டு தமக்கு அநீதி நடந்தது என்பது அவர் மனக்குறை. குறை நியாயமாகவே இருக்கட்டும். அதற்காகக் காரை ஆயுதமாக்கலாமா? உள்ளே இருப்பவனும் மனிதன் அல்லவா?

1997-ல் ஸ்பெயினில் ஜெரெஸ் பந்தயம். தம்மை முந்த வந்த ஜாக் வில்நவின் கார்மீது மைக்கேல் ஷூமாக்கர் மோதினார். அவர் கார்தான் சரளையில் சிக்கியது. வில்நவ் பட்டம் வென்றார். ஷூமாக்கர் அந்த ஆண்டுப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார்.

செனாவும் ஷூமாக்கரும் மாபெரும் வீரர்கள். அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் புகழைப் பேசும்போது, அந்த மோதல்களையும் சேர்த்தே உலகம் பேசுகிறது.

பிடிபட்டால் குற்றம், பிடிபடாவிட்டால் சாமர்த்தியம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. நடுவரின் கண்ணுக்குத் தப்பலாம். நம் மனத்துக்குத் தப்ப முடியுமா?

விளையாடப் போகும் பிள்ளையிடம், "ஜெயித்து வா" என்று சொல்லுங்கள். கூடவே, "நியாயமாக ஜெயித்து வா" என்றும் சொல்லுங்கள். ஒரு புள்ளியில் தோற்றாலும், தலைநிமிர்ந்து வீடு திரும்பலாம்!