கேலி வேண்டாம், ஆலோசகர் வேண்டும்



கொரோனா காலத்தில் படித்தவர்கள் என்றாலே ‘ஆல் பாஸ்’ என்று கேலி செய்கிறார்கள். அப்போது கல்லூரியில் பாடம் எடுத்தவன் என்ற முறையில் எனக்கு இது வலிக்கிறது. 2020 மார்ச்சில் விடுதியைக் காலிசெய்து ஊருக்குப் போன பிள்ளைகள் பலரின் வீட்டில் ஒரே ஒரு செல்போன்தான். சிக்னலுக்காக மொட்டைமாடி வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வகுப்பைக் கவனித்த மாணவி ஒருத்தி, அப்பாவுக்கு வேலை போனதை செமஸ்டர் முடியும்வரை யாரிடமும் சொல்லவில்லை. 2021 தொடக்கத்தில் தமிழக அரசு தினம் 2 ஜிபி டேட்டா இலவசமாகத் தந்தது நல்ல காரியம். ஆனால் எங்கள் பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசத்தான் ஆளில்லை.

நெருக்கடியை மனிதர்கள் இரண்டு விதமாகச் சமாளிப்பதாக லாசரஸ், ஃபோக்மன் என்ற உளவியலாளர்கள் விளக்கினார்கள்: பிரச்சினையையே தீர்க்கப் பார்ப்பது, அது தரும் வேதனையை ஆற்றிக்கொள்வது. இறுதியாண்டுத் தேர்வு உண்டா இல்லையா என்பதே 2020 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை தெளிவாகவில்லை. மாணவன் எதைத் தீர்ப்பான்? வேதனையை ஆற்றிக்கொள்ள விடிய விடிய செல்போனில் கேம் ஆடியவனைச் சோம்பேறி என்று திட்டியது அநியாயம்.

2022 அக்டோபர் முதல் இயங்கும் டெலி மனாஸ் மனநல உதவி எண் 14416-ஐ கல்லூரி அடையாள அட்டைகளின் பின்புறம் அச்சிடுங்கள். பேராசிரியர் ஒருவருக்குக் கூடுதல் பொறுப்பாகத் தள்ளிவிடாமல், ஒவ்வொரு கல்லூரியிலும் முழுநேர மனநல ஆலோசகரை உயர்கல்வித் துறை நியமிக்க வேண்டும்.

- கல்லூரி ஆசிரியர் ஒருவர், திருநெல்வேலி