சுவரில் பூக்கும் உப்பு



நோன்புப் பெருநாள் நெருங்கினால் நம் இல்லங்களில் வெள்ளையடிக்கும் வேலை தொடங்கிவிடும். குளியலறையை ஒட்டிய சுவருக்கு மட்டும் இருமுறை பூசுவோம். ஹஜ்ஜுப் பெருநாள் வருவதற்குள் அதே இடம் பொரிந்து, தொட்டால் மாவாக உதிரும். மறு ஆண்டும் அதே செலவு. நோய் ஓரிடம், மருந்து ஓரிடம் என்றால் குணமாவது எங்ஙனம்?

பொம்மையார்பாளையத்திலிருந்து மரக்காணம் வரை, கடலோரத்தில் வாழ்வோருக்கு இதன் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. உப்பளப் பாத்தியில் பாய்ச்சிய நீர் வெயிலில் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. சுவரிலும் இதுவே நிகழ்கிறது. செங்கல்லிலும் மணலிலும் உள்ள உப்பைக் கசிவுநீர் கரைத்து மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. நீர் உலர்ந்தபின் உப்பு படிகமாகிப் பூச்சைப் பிளந்து தள்ளுகிறது. அதன்மேல் எனாமல் வண்ணம் பூசினால், வெளியேற வழியற்ற ஈரம் சுவரில் இன்னும் உயரே ஏறும். ஆகவே நீர் வரும் வழியை அடைப்பதே முதற்பணி, பூச்சு கடைசிப்பணி.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, அந்நகரில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அத்தகைய மழையில் ஊறிய சுவரின் ஓதம் கோடையில் வற்றிவிடும். சித்திரை வெயிலிலும் வற்றாத ஓதமாயின், குழாயையோ குளியலறைத் தரையையோ ஐயுறுங்கள்.

ஐயத்தைத் தெளிய இரு சோதனைகள் உண்டு. இரண்டுக்கும் காசு செலவில்லை. முதலாவது, இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மோட்டாரையும் நிறுத்தி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தில் கரிக்கோடு இடுங்கள். விடியலில் எவரும் உளூச் செய்யும் முன்னரே பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் குழாயிலோ தொட்டியிலோ கசிவு உண்டு. மறுநாள் இரவு குளியலறைக்குச் செல்லும் வால்வை அடைத்துப் பாருங்கள்; அன்று மட்டம் இறங்காவிடில் குற்றம் குளியலறைப் பக்கமே.

இரண்டாவது, நீர் போகும் துளையைத் துணியால் இறுக அடைத்து, தரையில் ஓரங்குலம் நீர் தேக்கி ஒரு நாள் விடுங்கள். வெளிச்சுவரில் புதிதாக ஈரம் தோன்றினால் தரையே வழிவிடுகிறது. மாடிக் குளியலறையாக இருந்து, கீழ்த்தளக் கூரையில் விரிசலும் கண்டிருந்தால் இச்சோதனை வேண்டாம்.

இனிப் பழுதுபார்ப்போம். மலிவானதில் தொடங்குங்கள். சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது சில ரூபாய்ச் செலவு. மணிக்கு ஒரு லிட்டர் சொட்டினால் ஆண்டுக்கு 8,760 லிட்டர் வீணாகும். அதில் ஒரு பங்கு சுவருக்குள் இறங்கினாலும் போதும், சுவர் கெட்டுவிடும். அடுத்து, டைல்ஸ் இடுக்குகளில் உதிர்ந்த பழைய சிமெண்டைச் சுரண்டி, உலரவிட்டு, புதிதாக அடையுங்கள். தரையும் சுவரும் கூடும் மூலை, நீர்த்துளையின் விளிம்பு, மலக்கோப்பையின் அடி ஆகிய மூன்றையும் மறவாதீர்கள். பெரும்பாலான கசிவுகள் அங்கேதான்.

இவற்றாலும் நில்லாவிடில் மட்டுமே தரையை உடையுங்கள். உடைத்தால், துளையை நோக்கி நான்கு அடிக்கு அரை அங்குலமேனும் வாட்டம் வைக்கும்படி கொத்தனாரிடம் சொல்லுங்கள். நீர்க்காப்புப் பூச்சைத் தரையோடு நிறுத்தாமல் சுவரில் ஓரடி உயரம் ஏற்றச் சொல்லுங்கள். கலவைக்குக் கடல் மணலும் உவர்க்கிணற்று நீரும் ஆகா. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2000ஆம் ஆண்டு ஐ.எஸ். 456 விதி, கான்கிரீட் கலக்கவும் ஆற்றவும் கடல்நீரைப் பரிந்துரைப்பதில்லை. அதன்படி கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குரிய நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருத்தல் கூடாது.

கசிவு நின்றபின் பொரிந்த பூச்சை, ஈரத்தழும்புக்கு ஓரடி மேல்வரை கொத்தி எடுங்கள். உப்பை நீரால் கழுவாதீர்கள். கரைந்து மீண்டும் உள்ளே செல்லும். காய்ந்த தூரிகையால் துடைத்து அப்புறப்படுத்துங்கள். சுவர் முற்றும் உலரச் சில வாரங்கள் ஆகும், பொறுத்திருங்கள். பிறகு சுண்ணாம்புக் கலவை பூசினால், எஞ்சிய ஈரம் வெளியேற வழி கிடைக்கும். அவசரப்பட்டவர் இருமுறை செலவழிப்பார்.

ஓரிடத்தில் மட்டும் சிக்கனம் பாராதீர்கள். மாடிக் குளியலறையின் கீழ், கூரையில் துருக்கறையோ, கான்கிரீட் உப்பியோ, கம்பி வெளியே தெரிந்தோ இருந்தால் அது பூச்சுவேலை அன்று. துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். அதன்கீழ் குழந்தைகளைப் படுக்கவைக்காமல், உடனே பொறியாளரை அழையுங்கள். ஈரச்சுவரில் மின்பொத்தான் இருந்தால், மின்சாரத்தை நிறுத்தி மின்பணியாளர் பார்க்கும்வரை அதனைத் தொடாதீர்கள்.

இறுதியாக ஒன்று. பொதுச்சுவர் உள்ள தெருக்களில் நம் குளியலறைக் கசிவு அண்டை வீட்டாரின் அடுக்களையில் ஓதமாகத் தோன்றும். அவர் முறையிடும்வரை காத்திராமல் நாமே சென்று கேட்பது அண்டைவீட்டார்க்கு நாம் செலுத்தும் கடமையன்றோ? இவ்வாண்டு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்குமுன், இன்றிரவே தொட்டியில் அந்தக் கரிக்கோட்டை இட்டுவிடுங்கள்.