காண்ட்ராக்டருக்குப் பூட்டு, கட்சிக்குச் சாவி

எங்கள் வேடந்தாங்கல் என்றால் எல்லோருக்கும் பறவைகள்தான் ஞாபகம் வரும். எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். வெள்ளைக்கார சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு 1798ல் உத்தரவு வாங்கினார்கள் என்பது ஊர் வரலாறு. இனி இங்கே யாரும் சுடக்கூடாது என்று அரசாங்கம் எழுத்தில் கொடுத்தது. அரசாங்கம் எழுதிக் கொடுத்தால் அதை நம்பலாம் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம்.

பி.காம் வகுப்பில் வருமான வரி பாடம் படிக்க ஆரம்பித்தபிறகு அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது. காரணம், முன் தேதியிட்ட சட்டங்கள். அதாவது இன்றைக்குப் பாஸ் பண்ணி, பத்து வருடத்துக்கு முன்பே அமலுக்கு வந்துவிட்டதாகச் சொல்லும் சட்டங்கள்.

நேற்று செய்த காரியத்தை இன்று குற்றம் என்று சட்டம் போட்டுத் தண்டிக்க முடியாது. அரசியல் சாசனத்தின் 20(1) பிரிவு அதைத் தடுக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு குற்றவியல் சட்டத்துக்கு மட்டும்தான். வரியை முன் தேதியிட்டுப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1960களிலேயே சொல்லிவிட்டது. சட்டப்படி முடியும், சரி. நியாயமா என்பதுதான் கேள்வி. இரண்டு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதல் கதை காண்ட்ராக்டர்களுடையது. 1961 வருமான வரிச் சட்டத்தில் 80ஐஏ என்று ஒரு பிரிவு. சாலை, பாலம், குடிநீர், பாசனம் போன்ற உள்கட்டமைப்புப் பணிகளைச் செய்யும் கம்பெனிகளுக்கு, பத்து வருடத்துக்கு லாபத்தில் 100 சதவீதம் கழிவு. முதலில் அந்தக் கட்டமைப்பை உருவாக்கவும் வேண்டும், நடத்தவும் வேண்டும் என்று இருந்தது. 2001 நிதிச் சட்டம் "அல்லது" என்று மாற்றியது. உருவாக்கினாலே போதும் என்று ஆனது. 'அப்படியென்றால் அரசாங்கத்துக்காகச் சாலை போடும் நாங்களும்தானே உருவாக்குகிறோம்' என்று காண்ட்ராக்ட் கம்பெனிகள் கழிவு கேட்டன. மும்பை வருமான வரித் தீர்ப்பாயம் 2004ல் படேல் இன்ஜினியரிங் வழக்கில் அதை ஒப்புக்கொண்டது.

2007 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் ஒரு விளக்கத்தைச் சேர்த்தார். பணியை எடுத்த நிறுவனத்திடமிருந்து ஒப்பந்த வேலை வாங்கிச் செய்பவருக்குக் கழிவு கிடையாது. அமலுக்கு வரும் தேதி 1-4-2000. அரசாங்கத்திடம் நேரடியாக வேலை எடுத்தவர்கள் 'இது எங்களைச் சொல்லவில்லை' என்றார்கள். 2009ல் பிரணாப் முகர்ஜி அந்த ஓட்டையையும் அடைத்தார். மத்திய, மாநில அரசுகள் கொடுத்த ஒப்பந்தமாக இருந்தாலும் கிடையாது. இதற்கும் அதே 1-4-2000.

காலக்கெடு தாண்டி முடிந்துபோன கணக்குகளைத் திறக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அப்பீலில் நிலுவையில் இருந்தவர்கள், மறு மதிப்பீட்டுக் காலக்கெடுவுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். குஜராத் உயர் நீதிமன்றம் 2013ல் இந்த விளக்கம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இதைச் சொன்னால் வகுப்பில் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "காண்ட்ராக்டருக்குப் போய் ஏண்டா வக்காலத்து வாங்குறே? அவங்க போட்ட ரோடு ஒரு மழைக்குத் தாங்குதா?"

தாங்காத ரோட்டுக்கு அபராதம் போடுங்கள், பில்லை நிறுத்துங்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வேறு, இது வேறு. சொந்த முதலைப் போட்டு ரிஸ்க் எடுப்பவருக்குத்தான் சலுகை, கூலிக்கு வேலை செய்பவருக்கு இல்லை என்ற அரசின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. அதை 2009லிருந்து அமல்படுத்தியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம். கற்பனைக் கணக்குதான். சர்சார்ஜ், மேட் எல்லாம் ஒதுக்கிவிடுங்கள். ஒரு கம்பெனி பாசன வேலைக்கு டெண்டர் போடுகிறது. செலவு 90 லட்சம். வரி போக கையில் 6.5 லட்சம் நிற்க வேண்டும். 35 சதவீத வரி உண்டு என்றால் 10 லட்சம் லாபம் வைத்து 1 கோடி கேட்க வேண்டும். வரி இல்லை என்று நம்பினால் 96.5 லட்சம் கேட்டாலே போதும். போட்டி டெண்டரில் குறைந்த விலைக்காரருக்குத்தானே வேலை? ஆக, வரிச் சலுகையில் 3.5 லட்சம் டெண்டர் விலையிலேயே அரசாங்கத்துக்குப் போய்விட்டது. பிறகு முன் தேதியிட்ட சட்டம் வந்து, அந்த 6.5 லட்சத்துக்கு 35 சதவீதம், அதாவது 2,27,500 ரூபாய் வரி கேட்கிறது. கம்பெனியிடம் மிஞ்சுவது 4,22,500. டெண்டரை மறுபடி போட முடியுமா? கட்டி முடித்த கால்வாய்க்கு விலை ஏற்றிக் கேட்க முடியுமா?

டெண்டரில் மிச்சமானது மாநிலத்துக்கு, வரி மத்திய அரசுக்கு என்று கேட்பீர்கள். இரண்டும் அரசாங்கம்தான். கொடுத்தவர் ஒருவர்தான். எல்லா காண்ட்ராக்டரும் இப்படி நேர்மையாக விலை குறைத்தார்கள் என்று சொல்ல வரவில்லை. குறைத்தவரையும் குறைக்காதவரையும் இந்தச் சட்டம் ஒரே தட்டில் வைத்தது என்கிறேன்.

இரண்டாவது கதைக்கு வருவோம். இது அரசியல் கட்சிகளுடையது. லண்டனில் பதிவான வேதாந்தா குழுமத்தின் ஸ்டெர்லைட், சேசா கோவா கம்பெனிகளிடமிருந்து காங்கிரஸ், பா.ஜ.க. இரண்டும் நன்கொடை வாங்கியிருந்தன. (ஆமாம், நம்ம தூத்துக்குடி ஸ்டெர்லைட்தான்.) வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கட்சிகளுக்குத் தடை இருந்தது. இது அந்தத் தடையை மீறியது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்புக் கொடுத்து, நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

என்ன நடவடிக்கை எடுத்தார்கள்? சட்டத்தைத் திருத்தினார்கள் :-) 2016 நிதிச் சட்டத்தில், அன்னிய முதலீட்டு வரம்புக்குள் இருக்கும் கம்பெனி இனி வெளிநாட்டு நிறுவனம் ஆகாது என்று விளக்கம் வந்தது. அமலுக்கு வரும் தேதி 26-9-2010. ஆனால் அந்த நன்கொடைகள் அதற்கும் முந்தையவை. பழைய 1976 சட்டத்தின் கீழ் வருபவை. அதனால் 2018 நிதிச் சட்டத்தில் தேதியை இன்னும் பின்னால் தள்ளினார்கள். எவ்வளவு? 5-8-1976 வரை. நாற்பத்தியொரு வருடம்! அந்த நிதி மசோதாவை மக்களவை 14-3-2018 அன்று விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது.

இது வரிச் சட்டம் இல்லைதான். ஆனால் வந்த வழி ஒன்றேதான்: பட்ஜெட்டோடு வரும் நிதி மசோதா. இரண்டு கதையிலும் முதல் திருத்தம் போதவில்லை, இரண்டாவது வந்தது. காண்ட்ராக்டருக்கு இரண்டு தடவையும் பூட்டு. கட்சிக்கு இரண்டு தடவையும் சாவி.

மூன்றாவதாக ஒரு ரகமும் உண்டு. பெரிய வெளிநாட்டுக் கம்பெனி. வோடஃபோன் வழக்கில் 20-1-2012 அன்று உச்ச நீதிமன்றத்தில் தோற்ற மத்திய அரசு, அதே வருட பட்ஜெட்டில் 1962 வரை பின்னோக்கிச் சட்டம் போட்டது. வோடஃபோனும் கெய்ர்னும் முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தங்களைக் காட்டி சர்வதேச நடுவர் மன்றம் போயின. இரண்டுமே 2020ல் ஜெயித்தன. 2021 ஆகஸ்டில் நிர்மலா சீதாராமன் அந்த வரிக் கோரிக்கைகளைக் கைவிடும் சட்டம் கொண்டுவந்தார். வசூலித்த பணம் வட்டியில்லாமல் திரும்பியது. அந்த நல்ல மனசு 80ஐஏ பக்கம் திரும்பவில்லை. செங்கல்பட்டிலோ மதுராந்தகத்திலோ இருக்கிற கம்பெனி எந்த நாட்டு ஒப்பந்தத்தைக் காட்டி எந்த நடுவர் மன்றத்துக்குப் போகும்?

அப்படியானால் வரித் தவிர்ப்பவர்களை விட்டுவிடலாமா? கூடாது. இங்கே பிரிட்டன் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். அங்கே சுமார் 50,000 பேர், ஐ.டி. காண்ட்ராக்டர்கள் முதல் நர்ஸ்கள் வரை, சம்பளத்தைக் "கடன்" என்ற பெயரில் வாங்கி வரியைத் தவிர்த்தார்கள். திருப்பிக் கட்டவே போவதில்லாத கடன். 1999 வரை பின்னோக்கி வரி போடும் சட்டம் 2017ல் வந்தது. எதிர்ப்பு கிளம்பியது, மறு ஆய்வு நடந்தது. 9-12-2010க்கு முந்தைய கடன்களை விட்டுவிட்டார்கள். அந்தத் தேதி ஏன் தெரியுமா? அந்த ஏற்பாடு செல்லாது என்று அரசு பகிரங்கமாக அறிவித்த நாள் அது. அதற்குப் பிறகும் செய்தவர் தெரிந்தே செய்தவர். அதற்கு முன் செய்தவர் அப்போதைய சட்டத்தைப் படித்துச் செய்தவர். இந்தக் கோடு எனக்கு நியாயமாகப் படுகிறது.

நம் நாட்டிலும் யோசனை இல்லாமல் இல்லை. பார்த்தசாரதி ஷோம் தலைமையிலான குழு 2012லேயே, முன் தேதியிட்ட வரி மிக அரிதாகத்தான் இருக்க வேண்டும், வரி வலையை விரிக்க அதைப் பயன்படுத்தக்கூடாது, போட்டே ஆக வேண்டுமென்றால் வட்டியும் அபராதமும் கூடாது என்று சொன்னது. 2014ல் வாட்டிகா டவுன்ஷிப் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும், சுமை ஏற்றும் சட்டம் வேறு விதமாகச் சொல்லாதவரை வருங்காலத்துக்குத்தான் என்றது. 'சொல்லாதவரை' என்பதுதான் சிக்கல். நாடாளுமன்றம் சொல்லிவிட்டால் போச்சு.

என் கருத்து இவ்வளவுதான்.

1. சுமை ஏற்றும் சட்டம், அரசு பகிரங்கமாக எச்சரித்த நாளுக்குப் பின்னால் போகக்கூடாது.

2. அதற்கும் பின்னால் போனால், ஏற்கெனவே விலை முடிந்த ஒப்பந்தங்களுக்கு விலக்கு வேண்டும்.

3. சட்டம் போடுகிறவர்களுக்கே லாபம் தரும் முன் தேதியிட்ட திருத்தம் நிதி மசோதாவுக்குள் ஒளிந்து வரக்கூடாது. தனி மசோதா, தனி விவாதம், தனி ஓட்டெடுப்பு வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். காண்ட்ராக்டர் தன் பழைய கணக்கைத் தானே திருத்தினால் அதற்குப் பெயர் மோசடி. கட்சிகள் தங்கள் பழைய கணக்குக்கு ஏற்பச் சட்டத்தைத் திருத்தினால் அதற்குப் பெயர் "விளக்கம்". இந்த வித்தியாசம் எந்த அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், செமஸ்டருக்கு உதவும்.