பழைய இரத்தமும் பச்சைக் குழந்தையும்

கீரையும் மீனும் அன்றன்று வாங்கியவையாக இருக்க வேண்டும். அரிசியும் புளியும் பழையதாக இருந்தால் விசேஷம். இது நம் வீடுகளில் யாரும் சொல்லித் தர வேண்டாத பாடம். இரத்தம் இவற்றுள் எந்த இனத்தைச் சேர்ந்தது? தயங்காமல் எல்லோரும் கீரையின் பக்கமே கைகாட்டுவர். இருதய ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் ஒரு குழந்தையின் தகப்பனாரைக் கேட்டுப் பாருங்கள். "இரத்த வங்கியில் கிடந்தது வேண்டாம், இன்றைக்கே எடுத்ததாகக் கொடுங்கள்" என்றுதான் மன்றாடுவார். அந்த மன்றாட்டில் பாசம் நிறைய உண்டு. நியாயம் மிகக் குறைவு என்பது என் கருத்து. ஓர் இடத்தில் மட்டும் நியாயமும் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் பையில் அடைத்த இரத்தத்திற்கு என்னதான் நேர்கிறது என்று பார்ப்போம். உறையாதிருக்க சிட்ரேட் முதலியவை கலந்து, 2 முதல் 6 டிகிரி செல்ஷியஸ் குளிரில் அதை வைக்கிறார்கள். சேர்க்கும் பாதுகாப்புத் திரவத்தைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் வரை அது பயன்படும். அதுவரை சிவப்பணுக்கள் உயிரோடிருக்கின்றன. ஆனால் முதல் நாள் இருந்தபடியே இருப்பதில்லை. உள்ளிருக்கும் பொட்டாசியம் சிறிது சிறிதாக வெளியே கசிகிறது. பிராணவாயுவைத் திசுக்களுக்குக் கைவிட்டுக் கொடுக்க உதவும் டி.பி.ஜி. என்ற பொருள் இரண்டு வாரத்திற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. நடுவில் குழிந்த தட்டுப் போன்ற அணு விறைத்து, முள் முளைத்ததுபோல் ஆகிறது. நுண்ணிய குழாய்களில் வளைந்து நெளிந்து செல்லும் லாவகம் குறைகிறது. சில அணுக்கள் உடைந்தும் போகின்றன. ஆக, தகப்பனாரின் அச்சம் வெறும் மூடநம்பிக்கை அன்று.

வயதே ஆகாத இரத்தத்தைக் கொண்டு குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்த காலமும் ஒன்று இருந்தது. 1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னெசோட்டா பல்கலைக்கழகத்தில் டாக்டர் வால்டன் லில்லஹை என்பவர், குழந்தையை ஒரு மேஜையிலும் பெரும்பாலும் அதன் தாய் அல்லது தந்தையைப் பக்கத்து மேஜையிலும் கிடத்தி, இருவர் இரத்தக் குழாய்களையும் இணைத்தார். குழந்தையின் இருதயத்தைத் திறந்து தைக்கும் வரை பெற்றவரின் இருதயமே இருவருக்கும் உழைத்தது! இப்படி 45 பேருக்குச் செய்து 28 பேர் பிழைத்து வீடு திரும்பினர். ஆனால் ஒரு நோயாளிக்காக இரண்டு உயிர்களைப் பணயம் வைக்கும் முறை எத்தனை நாள் நடக்கும்? இயந்திரம் வந்தது. இயந்திரத்தோடு இரத்த வங்கியும் ஆபரேஷன் அறைக்குள் வந்தது.

இங்கேதான் குழந்தையின் கதை பெரியவர் கதையிலிருந்து பிரிகிறது. இருதயத்திற்குப் பதிலாக ஓடும் அந்த இயந்திரத்தின் குழாய்களை முன்கூட்டியே நிரப்பியாக வேண்டும். வளர்ந்த மனிதர் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் உண்டு. ஒரு பை கூடினாலும் அது பெருவெள்ளத்தில் ஒரு குடம். 3 கிலோ எடையுள்ள சிசுவின் உடம்பிலோ மொத்தமே 250 மில்லி லிட்டர்தான், அதாவது ஒரு பெரிய டம்ளர். இயந்திரத்தை நிரப்பவே அந்த அளவு தேவைப்படலாம். அப்படியானால் அந்தக் குழந்தையின் உடம்பில் அப்போது ஓடுவதில் பாதி பிறர் தந்தது! அது பழையதானால், கசிந்த பொட்டாசியம் ஒரேயடியாகச் சின்ன இருதயத்திற்குள் பாயும். இருதயத்தைத் தைப்பதற்காக அதை அசையாமல் நிறுத்த டாக்டர்கள் பயன்படுத்துவதும் பொட்டாசியம்தான் என்பதை நினைத்துக்கொண்டால் ஆபத்து விளங்கும்.

மேலே சொன்ன அந்த ஓர் இடம் இதுவே. ஆகையால்தான் பிரிட்டனில், பெருமளவு இரத்தம் ஏற்றவேண்டிய சிசுக்களுக்கு 5 நாளுக்கு மேற்படாத இரத்தத்தைத் தருவது வழக்கம். அது கிட்டாதபோது அணுக்களை இயந்திரத்தில் கழுவிப் பொட்டாசியத்தை நீக்கித் தருவதும் உண்டு.

மற்ற நோயாளிகள் விஷயம் என்ன? 2008இல் கிளீவ்லாந்து நகர மருத்துவமனை ஒன்றின் பழைய பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், 14 நாளுக்கு மேற்பட்ட இரத்தம் பெற்ற இருதய நோயாளிகளுக்குச் சிக்கலும் மரணமும் மிகுதி என்று எழுதினர். உலகமே திடுக்கிட்டது. ஆனால் பதிவேடு முழு உண்மையையும் சொல்லாது. நோய் முற்றியவருக்கு அதிகப் பைகள் தேவைப்படும். அதிகப் பைகள் ஏற்றினால் அவற்றுள் ஒன்றிரண்டு பழையதாக இருப்பது இயல்பு. குற்றவாளி பையா, நோயா? சீட்டுப் போட்டுப் பிரித்தாலன்றித் தெரியாது.

சீட்டுப் போட்டும் பார்த்தார்கள். 2015இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில், 12 வயதும் அதற்கு மேலும் ஆன 1,098 இருதய ஆபரேஷன் நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு 10 நாளுக்கு உட்பட்ட இரத்தமும், மறு பாதியினருக்கு 21 நாளுக்குக் குறையாத இரத்தமும் தந்தனர். உறுப்புகள் தளர்வதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதே ஆண்டு உகாண்டாவில், கடும் இரத்தசோகையால் மூச்சுத் திணறி வந்த 290 சிறு குழந்தைகளுக்கு 25 முதல் 35 நாள் ஆன இரத்தம் புதிய இரத்தத்தைப் போலவே கைகொடுத்தது. 2019இல் ஐந்து நாடுகளில், தீவிர சிகிச்சையிலிருந்த 1,500க்கும் மேற்பட்ட குழந்தைகளிடமும் இதே முடிவு. இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது உகாண்டா ஆராய்ச்சிதான். இரத்தம் பற்றாக்குறையான நாட்டில், பழைய பையை ஒதுக்கிவிட்டுப் புதியதற்குக் காத்திருந்தால் குழந்தைக்கு என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமா?

"வேறு யாருடையதும் வேண்டாம், என் இரத்தத்தையே உடனே எடுத்து என் பிள்ளைக்கு ஏற்றுங்கள்" என்று திரைப்படத் தகப்பனார்கள் சட்டைக் கையை மடிப்பதைப் பார்த்திருக்கிறோம். தோழியரே, டாக்டர்கள் அஞ்சுவது அந்த இரத்தத்திற்குத்தான்! நெருங்கிய உறவினரின் புத்தம் புதிய இரத்தத்திலுள்ள உயிருள்ள வெள்ளணுக்களைக் குழந்தையின் உடம்பு அந்நியம் என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். அவையோ குழந்தையின் உடம்பை அந்நியமென்று கண்டு தாக்கத் தொடங்கும். ஜப்பானில் 1980களில் இருதய ஆபரேஷன் நல்லபடி முடிந்தவர்கள், சில நாள் கழித்துக் காய்ச்சல் கண்டு, தோல் சிவந்து இறந்ததன் மர்மம் இதுவே. இன்று அத்தகைய இரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பின்பே தருகிறார்கள். அப்படிச் செய்தால் பொட்டாசியம் இன்னும் வேகமாகக் கசியும் என்பது வேறு கதை.

ஆபரேஷன் தினத்தன்று ஆள் தேடி ஓடுவதில் இன்னொரு கேடும் உண்டு. எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள்காமாலைக் கிருமிகள், மேகநோய், மலேரியா ஆகிய சோதனைகள் நம் நாட்டில் கட்டாயம். அவசரத்தில் நிற்கும் உறவினர் தம் உடல்நிலையைப் பற்றி உண்மை சொல்லக் கூசுவார். காசுக்கு இரத்தம் விற்பதை உச்சநீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி முதல் ஒழித்தாயிற்று. ஆனால் "உறவினர்" என்ற பெயரில் விற்பவர் நுழைவதற்கு இந்த அவசரம்தானே வாசல்? யாருடையது, எத்தனை நாளானது என்று பெற்றோர் கவலைப்படுவதைவிட, வங்கியின் அலமாரி காலியாகாமல் இருப்பதே அந்தக் குழந்தைக்குப் பெரிய காவல். புதிய பையும் பழைய பையும் போதிய அளவில் இருந்தால், சிசுவுக்குப் புதியதையும் மற்றவருக்குப் பழையதையும் டாக்டர் எடுத்துக் கொடுப்பார்.

அந்த அலமாரியை நிரப்புவோரில் நாம் எங்கே இருக்கிறோம்? 18 வயதும், 45 கிலோ எடையும், ஹீமோகுளோபின் 12.5 கிராமும் இருந்தால் போதும். பெண்கள் நான்கு மாதத்திற்கு ஒருமுறை இரத்தம் தரலாம். வயது தானாக வரும். ஹீமோகுளோபின் அப்படி வருவதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. கொடுக்க மனமிருந்தும் முகாமிலிருந்து திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் நாமே. வாரந்தோறும் வகுப்பில் தரும் நீல மாத்திரை எத்தனை பேர் வயிற்றுக்குள் போகிறது, எத்தனை ஜன்னலுக்கு வெளியே போகிறது என்பதைத் தோட்டக்காரரைக் கேட்டால் தெரியும்.

இன்னொன்று. அக்டோபர் 1ஆம் தேதி தேசிய இரத்ததான தினம் என்று ஊரெங்கும் முகாம் நடத்திப் பை பையாகச் சேர்க்கிறோம். 35 நாள் கணக்குப்படி நவம்பர் முதல் வாரத்தில் அவற்றுள் மிஞ்சியவை குப்பைக்குப் போகும். கல்லூரிகள் மூடிக் கிடக்கும் மே மாதத்தில் முகாம்களும் குறைவு, பைகளும் குறைவு; குழந்தைகளின் இருதயத்திற்கோ கோடை விடுமுறை கிடையாது. நம் பழைய மாணவியர் சங்கம் முகாம் நடத்த எண்ணினால், ஆண்டு விழாவை ஒட்டி வேண்டாம். மே மாதம் இரண்டாவது வாரத்தில் வைக்கட்டும்.